பிரிட்டனியின் வெள்ளைச் சாலைகள்: வாகன நெரிசல் இல்லாத கிராமத்து வழிகளில் சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சின் வடமேற்கு மூலையான பிரிட்டனிக்குச் சைக்கிளோடு போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டே இடங்களில்தான் ஓட்டுகிறார்கள்: கடற்கரையில், அல்லது நாந்த்–பிரெஸ்ட் கால்வாயின் கரையில். இரண்டிலும் குறை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் கடற்கரைச் சாலைகளைக் கார்கள் அடைத்துக்கொள்ளும். கால்வாய்க்கரையோ தட்டையாக, தார் இல்லாமல், மணிக்கணக்காக ஒரே மரநிழலில் நீளும். மூன்றாம் நாள் எனக்குச் சலித்துவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே உட்பகுதியில் ஒரு டிராக்டர் மட்டுமே போகக்கூடிய அகலத்தில், வரைபடத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் தார்ச்சாலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பின்னிக் கிடக்கின்றன. சுற்றுலாத் துறையின் பச்சைப் பலகை எதுவும் அங்கே இல்லை. எந்தச் சாலையோடு எதைச் சேர்ப்பது என்பதை ஓட்டுகிறவரேதான் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதையே இங்கே சொல்கிறேன்.

இவ்வளவு சாலைகள் ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன

காரணம் தெரிந்தால் சாலையைத் தேர்ந்தெடுப்பது எளிது. பிரான்சின் பல பகுதிகளில் கிராமம் என்றால் ஒரே கொத்தாக வீடுகள் இருக்கும், சுற்றிலும் வயல். பிரிட்டனியில் கம்யூன் எனப்படும் ஓர் ஊராட்சிக்குள்ளேயே டஜன் கணக்கான குக்கிராமங்களும் தனிப் பண்ணைகளும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பண்ணைக்கும் பால் லாரி வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பண்ணைக்கும் தார்ச்சாலை போட்டார்கள். பிரான்சின் மொத்தச் சாலை நீளமான ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டரில் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர் இத்தகைய கம்யூன் சாலைகள்தாம். அவற்றின் வலை மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் பிரிட்டனி ஒன்று.

பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. உட்பகுதி இளைஞர்கள் ரென், பிரெஸ்ட், பாரிஸ் என்று வேலை தேடிப் போனார்கள். 1968-இல் அரசு அறிவித்த பிரெத்தோன் (பிரிட்டனிக்கான) சாலைத் திட்டத்தின் கீழ் நான்குவழி விரைவுச் சாலைகள் வந்தன. அவற்றில் சுங்கம் கிடையாது. இலவசமாக விரைந்து போக முடியும்போது யார் சிறிய சாலையில் வளைந்து வளைந்து போவார்கள்? நீண்ட தூர வாகனங்கள் எல்லாம் 'என்' (N) எழுத்தில் தொடங்கும் தேசியச் சாலைகளான N 12, N 165, N 164 ஆகியவற்றுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பவை பால் லாரி, தபால்காரரின் மஞ்சள் வண்டி, டிராக்டர், பள்ளிக்கூடப் பேருந்து.

முதல் படி: எந்தப் பகுதி, எந்த மாதம்

பிரிட்டனி நான்கு மாவட்டங்கள் கொண்டது: ஃபினிஸ்தேர், கோத்-தார்மோர், மொர்பியான், இல்-எ-விலேன். முதன்முறை போகிறவருக்கு நான் சொல்வது முதல் மூன்றும் சந்திக்கும் நடுப்பகுதியைத்தான். கார்ஹே, ரொஸ்த்ரெனன், ல ஃபாவுவெட் ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதி அது. கடற்கரையிலிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டாலே கோடைக் கூட்டம் காணாமல் போகும். ரென் நகரைச் சுற்றிய 25 கிலோமீட்டரை ரயிலில் கடந்துவிடுங்கள். வேலைக்குப் போய் வருகிறவர்கள் அங்கே சிறிய சாலைகளையும் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறார்கள்.

மே, ஜூன் மாதங்கள் மிகச் சிறந்தவை. மேற்குக் கோடியில் ஜூன் மாதச் சூரியன் இரவு 10 மணிக்குப் பிறகுதான் மறையும். வேலிகளில் ஃபாக்ஸ்குளோவ் பூக்கள் ஆளுயரத்துக்கு நிற்கும். செப்டம்பரும் நல்ல மாதம்தான், ஆனால் அந்தச் சமயத்தில் மக்காச்சோள அறுவடை தொடங்கும். தீவனச்சோளம் ஏற்றிய பெரிய டிரெய்லர்கள் காலை முதல் இரவு வரை ஓடும். சாலையில் சேறு படியும். மழை பெய்தால் அந்தச் சேற்றில் டயர் வழுக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் வயலுக்குப் பன்றிச் சாணக் கரைசல் தெளிப்பார்கள். பிரான்சின் பன்றிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிரதேசத்தில் வளர்கின்றன. அந்த வாடையைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதுவதில்லை.

மழை எங்கும் ஒரே மாதிரி பெய்வதில்லை. ரென் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மி.மீ.; மேற்கே உள்ள அரே மலைகளில் அதைப்போல் இரு மடங்கு. மெல்லிய மழைச் சட்டை ஒன்று எந்த மாதத்திலும் பையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வரைபடத்தை வாசிப்பது

காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது முழுப் பகுதியின் அமைப்பு கண்ணில் படுவதில்லை. மிஷ்லேன் வெளியிடும் 1:200 000 அளவுள்ள பிரிட்டனி வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் இரண்டு கிலோமீட்டர். சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சிறியது. உங்களுக்கு வேண்டியது வெள்ளை. சாலையோரம் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகு. கோட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் ஏற்றம்: ஒரு குறி சமாளிக்கலாம், இரண்டு என்றால் பல்லைக் கடிக்க வேண்டும், மூன்று என்றால் இறங்கித் தள்ளினாலும் அவமானம் இல்லை.

சாலை எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'டி' என்று தொடங்குபவை மாவட்டச் சாலைகள், 'சி' என்பவை கம்யூன் சாலைகள். பிரிட்டனியில் 760 முதல் 790 வரையிலான டி எண்களைக் கண்டால் ஒதுங்குங்கள். டி 764, டி 768, டி 769, டி 785, டி 787, டி 790 ஆகியவை ஒரு காலத்தில் தேசியச் சாலைகள். பின்னாளில் பொறுப்பு மாவட்டத்துக்கு மாறியதால் எண் மாறியது. நேரான போக்கும் வேகமும் லாரிகளும் மாறவில்லை. சைக்கிளுக்கு அவற்றில் தடை இல்லை என்பதால் வழிகாட்டிச் செயலிகள் சில நேரம் உங்களை அங்கே தள்ளிவிடும்.

களத்தில் கைகாட்டிப் பலகையின் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பாருங்கள். மஞ்சள் கட்டம் மாவட்டச் சாலை, வெள்ளைக் கட்டம் கம்யூன் சாலை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது குக்கிராமத்தின் பெயர். பலவும் 'கெர்' என்றே தொடங்கும். ஒரே கம்யூனில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு மூன்று கெர்கள் இருக்கும் என்பதால் குக்கிராமப் பெயரை மட்டும் நம்பி வழி பிடிக்காதீர்கள். 'மெனெஸ்', 'ரொக்' என்று பெயர் வந்தால் மேட்டுக்குத் தயாராகுங்கள். 'மிலின்' அல்லது 'மூலேன்' என்று வந்தால் அங்கே நீராலை இருந்திருக்கிறது: ஆற்றுக்கு இறங்கி, மறுகரையில் அதே உயரம் ஏற வேண்டும்.

மூன்றாம் படி: வழியைக் கோப்பது

முதலில் இரவு தங்கும் இடங்களை அல்லது ரயில் நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்கு நடுவே நீங்கள் பார்க்க விரும்பும் இரண்டு மூன்று இடங்கள்: ஒரு தேவாலயம், ஒரு கற்கால நினைவிடம், ஒரு காடு. அதற்கப்புறம்தான் சாலை. பெரிய ஊர்களின் நடுவே போகாமல் சிறு கிராமத்திலிருந்து சிறு கிராமத்துக்குத் தாவிப் போகும் வழியே அமைதியான வழி. கிராமங்களை இணைக்கும் நேர்ச்சாலைக்கு இணையாக, ஒரு கிலோமீட்டர் தள்ளி, பண்ணைகளைத் தொட்டுச் செல்லும் வெள்ளைச் சாலை அனேகமாக இருக்கும். அதைப் பிடியுங்கள்.

கணினியில் வரைய பிரௌட்டர், சைக்கிள் டிராவல் ஆகிய தளங்கள் உதவும். இரண்டும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் இயங்குபவை. அமைதியான சாலைகளுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வரைந்து முடித்ததும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, தார் இருக்கிறதா என்பது. பண்ணைக்கு அப்பால் சாலை மண்பாதையாக மாறுவது இங்கே சகஜம். பிரான்சின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் தன் வான்வழிப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சந்தேகமான துண்டை அதில் பெரிதாக்கிப் பாருங்கள். நீலப் பலகையில் சிவப்புத் தலை கொண்ட 'T' வடிவக் குறி முட்டுச்சாலையைக் காட்டும். அதன் மேல் சிறிய சைக்கிள் படம் இருந்தால் நீங்கள் மட்டும் அப்பால் போகலாம்.

இரண்டாவது, வாகன எண்ணிக்கை. மாவட்ட நிர்வாகங்கள் தங்கள் டி சாலைகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வாகனங்கள் போகின்றன என்ற வரைபடத்தை வெளியிடுகின்றன. நாளைக்கு 500 என்றால், பகலில் மணிக்கு 35 அளவில், இரு திசையிலும் சேர்த்து. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து முந்துவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு கார்தான். என் கணக்கில் அதுவே எல்லை. 2000 என்றால் நிமிடத்துக்கு ஒன்றை நெருங்கிவிடும். பேச்சுத் துணையோடு ஓட்ட முடியாது. கம்யூன் சாலைகளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணத் தேவையும் இல்லை.

மூன்றாவது, ஏற்றத்தின் கூட்டுத்தொகை. பிரிட்டனியின் மிக உயரமான இடம் 385 மீட்டர்தான் என்று படித்துவிட்டுத் தட்டை நிலம் என்று நினைப்பவர்கள் முதல் நாளே திருந்துவார்கள். இது பழைய பீடபூமி. ஆறுகள் அதை எல்லாத் திசையிலும் அறுத்திருக்கின்றன. 100 கிலோமீட்டரில் 1200, 1300 மீட்டர் ஏறுவது இங்கே சாதாரணம், அதுவும் ஐம்பது மீட்டர் ஐம்பது மீட்டராக. பெரிய சாலை பாலம் போட்டுப் பள்ளத்தாக்கைக் கடக்கும். சிறிய சாலை ஆற்றுமட்டம் வரை இறங்கி ஏறும். அமைதிக்குக் கொடுக்கும் விலை அது. கால் தளர்ந்த நாளில் ஆறுகளைக் குறுக்கே வெட்டாமல், இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள முகட்டை ஒட்டியே வழி வரையுங்கள். அல்லது ஒரு பத்து இருபது கிலோமீட்டர் கால்வாய்க்கரையில் இறங்கிக்கொள்ளுங்கள். கால்வாய்க்கு நான் தரும் வேலை இதுதான்: இரண்டு மலைப்பகுதிகளுக்கு நடுவே ஓய்வுத் தளம்.

சமவெளி ஓட்டத்துக்குப் பழகியவர், நாள் ஒன்றுக்கு வழக்கமாக ஓட்டும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் திட்டமிடட்டும். சந்திப்புகள் அதிகம், ஒவ்வொன்றிலும் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். ஒருவழிப் பயணமானால் ரயிலில் மேற்கே போய்க் கிழக்கு நோக்கி ஓட்டுங்கள். வட்டப் பாதையானால் காலையில் காற்றை எதிர்த்துப் போய், மாலையில் அதன் துணையோடு திரும்புங்கள்.

நான்காம் படி: வண்டி

பந்தயச் சைக்கிளே போதும், ஆனால் டயர் 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 32 இன்னும் நல்லது. தாரின் மேல் கூழாங்கல் பரப்பி அழுத்திய சொரசொரப்பான மேற்பரப்பு இங்கே அதிகம். கோடையில் பழுது பார்க்கும்போது புதிய ஜல்லியைக் கொட்டிவிட்டு, கார்களே மிதித்து அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'கிராவியோன்' என்ற எச்சரிக்கைப் பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள், வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். மிகச் சிறிய சாலைகளின் நடுவில் பாசியும் புல்லும் கோடாக வளர்ந்திருக்கும். ஈரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி இடம் மாறுவது ஆபத்து.

கியர் இலகுவாக இருக்கட்டும். முன்புறம் 34 பல் கொண்ட பற்சக்கரம், பின்புறம் 32 அல்லது 34 பல் கொண்ட பற்சக்கரம் என்ற அளவு சுமையோடு ஏற உதவும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இயந்திரத்தால் வேலியை வெட்டுவார்கள். கருமுள் செடியின் முட்கள் சாலையெங்கும் சிதறும். இரண்டு டியூப், ஒட்டுப்போடும் பெட்டி, நல்ல பம்பு கட்டாயம். நடுப்பகுதியில் சைக்கிள் கடைகள் கார்ஹே, போன்தீவி, லூதெயாக் போன்ற சற்றுப் பெரிய ஊர்களில்தான் உண்டு. பள்ளத்தாக்குகளில் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்னமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாலை விதிகள்

இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது, இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது. நெரிசலான நகரத்தில் இது மறக்காது, சுற்றிலும் வண்டிகள் நினைவூட்டும். ஆளே இல்லாத கிராமச் சாலையில், மதிய உணவுக்குப் பிறகு வண்டியை எடுக்கும் அந்த முதல் நிமிடத்தில்தான் இடப்பக்கம் போய்விடுவீர்கள். கைப்பிடியின் வலக்கோடியில் ஒரு வண்ண நாடா சுற்றி வையுங்கள்.

அடுத்தது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. நீங்கள் வரும் சாலை அகலமாகவும் அவருடையது பண்ணைத் தெருவாகவும் தோன்றினாலும் அப்படித்தான். குக்கிராமங்களில் உள்ளூர்க்காரர்கள் இதை நம்பித் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

உங்களை முந்தும் வாகனம் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்கள் விருப்பப்படி. இரவிலும், பார்வை மங்கிய பகலிலும், ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை சட்டப்படி அணிந்தாக வேண்டும். அரே மலைகளில் ஜூலையிலும் பனிமூட்டம் இறங்கும் என்பதால் அது எப்போதும் என் பையில் இருக்கும். காதில் இயர்போன் மாட்டினால் அபராதம். விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

டிராக்டரோ பால் லாரியோ வந்தால், நீங்களே பண்ணை வாசலில் ஒதுங்கி நின்று கையசையுங்கள். சாலை அவர்களுடைய வேலையிடம். பதிலுக்குக் கையசைப்பு நிச்சயம் வரும்.

நேரத்திலும் கவனம் வையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பின், மாலை நாலரை முதல் ஆறு வரை வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வண்டிகள் ஓடும். நடுப்பகல் பன்னிரண்டே கால் முதல் ஒன்றரை வரை பிரான்ஸ் முழுதும் சாப்பிட உட்கார்ந்துவிடும். பெரிய சாலை ஒன்றை ஐந்து கிலோமீட்டர் தொட்டாக வேண்டிய கட்டாயம் இருந்தால் அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: தண்ணீரும் சோறும்

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும், அனேகமாக ஊர்க் குடிநீரே வரும். குடிக்கத் தகாதது என்றால் பலகை வைத்திருப்பார்கள். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வது இது. மரியாதையோடு, செருப்புச் சத்தம் போடாமல் நிரப்பிக்கொண்டு வந்தால் போதும்.

சாப்பாட்டுக்குத் திட்டம் வேண்டும். கிராமக் கடைகள் நடுப்பகலில் இரண்டு மணி நேரம் மூடப்படும். ஞாயிறு மதியத்துக்குப் பின் எதுவும் இல்லை. திங்கட்கிழமை பேக்கரிகளில் பலவும் மூடியிருக்கும். சில ஊர்களில் ரொட்டி விற்கும் இயந்திரம் நிற்கிறது. வேலை நாட்களில் 'ஊவ்ரியே' என்ற பலகை போட்ட உணவகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தொழிலாளர்களுக்கான மதியச் சாப்பாடு அது. முதல் தட்டு, முக்கியத் தட்டு, பாலாடைக்கட்டி, இனிப்பு, காபி எல்லாம் சேர்த்துச் சுமார் 15 யூரோ. ஒரு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் பாரிஸை விட எளிது. பக்வீட் மாவில் சுடும் கலெத், தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. முட்டை, பாலாடைக்கட்டி, காளான், வெங்காயம் என்று உள்ளே வைப்பதை நீங்களே சொல்லலாம். 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் பன்றி இறைச்சியும் வந்துவிடும். கல்லில் பன்றிக் கொழுப்புத் தேய்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதுவும் கூடாதென்றால் முன்கூட்டிக் கேளுங்கள். குயின்-அமான் என்ற வெண்ணெய் அப்பம் ஒரு துண்டில் அடுத்த மலையை ஏற்றிவிடும்.

தங்குவதற்குக் கம்யூன்கள் நடத்தும் முகாம் திடல்கள் மலிவு. 'அக்கேய் வேலோ' என்ற முத்திரை பெற்ற விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் இருக்கும்.

ஏழாம் படி: தொடங்க மூன்று வட்டங்கள்

இவற்றை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, நடுவே வெள்ளைச் சாலைகளை நீங்கள் நிரப்புங்கள்.

மோர்லேயிலிருந்து அரே மலைகள், 100 முதல் 110 கிலோமீட்டர். பாரிஸ்–பிரெஸ்ட் ரயில் நிற்கும் மோர்லேயிலிருந்து தெற்கே கார்ஹே வரை ஒரு காலத்தில் மீட்டர் பாதை ரயில் ஓடியது, 1967-இல் மூடினார்கள். அதன் தடம் இன்று சைக்கிள் பாதை. தார் இல்லை, ஆனால் ரயில் ஏறிய சரிவு என்பதால் மலைக்குள் நுழைய இதைவிட மென்மையான வழி கிடையாது. பாதி வழியில் விலகி உவெல்குவாத் காட்டுக்குப் போங்கள். வீடளவு கருங்கற்கள் ஆற்றின்மேல் குவிந்து கிடக்கும். அங்கிருந்து பிரென்னிலிஸ். ஏரிக்கரையில் 1985-இல் நிறுத்தப்பட்ட அணு உலையும், எதிர்ப்பக்கம் நரகத்தின் வாசல் என்று பிரெத்தோன் மக்கள் கதை சொல்லும் சதுப்பு நிலமும் ஒரே காட்சியில் தெரியும். தெற்கே லொக்கெஃப்ரே, பிராஸ்பார் வழியாகச் சுற்றி, பிராஸ்பாரின் சேன்-மிஷேல் குன்றில் உள்ள சிற்றாலயத்தைப் பாருங்கள். 2022 ஜூலைத் தீயில் சுற்றியுள்ள புதர்நிலம் எரிந்தது, ஆலயம் தப்பியது.

முகட்டில் ஓடும் டி 785 காட்சிக்குப் பேர்போனது; ஆனால் கார்கள் சீறும். அதைக் குறுக்கே மட்டும் கடந்து, சேன்-ரிவோவால், கொமானா என்று மேற்குச் சரிவின் சிறு சாலைகளில் இறங்குவது மேல். கொமானாவுக்கு அருகே முகோ-பியான் என்ற கற்காலக் கல்லறை, சாலையோரத்தில், கட்டணமோ வேலியோ இல்லாமல் இருக்கிறது. கடைசி முப்பது கிலோமீட்டரில் கிமிலியோ, சேன்-தெகொனெக் ஆகிய ஊர்களின் ஆலய வளாகங்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் லினன் துணி வணிகத்தில் சேர்ந்த பணம் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கல்லாக மாறிய இடங்கள் அவை. கிமிலியோவின் கற்சிலுவை மேடையில் மட்டும் சுமார் 200 சிற்பங்கள். சைக்கிளில் போகிறவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பேருந்துக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது.

ரொஸ்த்ரெனன் வட்டம், 70 கிலோமீட்டர் அளவில். எனக்குப் பிடித்தது இதுவே. ஆனால் இங்கே ரயில் இல்லை. கேங்கான்–கார்ஹே கிளைப்பாதையில் ஓடும் சிறு ரயிலில் கல்லாக் நிலையத்தில் இறங்கித் தெற்கே வர வேண்டும். கெர்கிரிஸ்ட்-மொயெலூவின் பழைய மரங்கள் சூழ்ந்த ஆலயம், சில நூறு பேரே வாழும் திரெமார்கா, பெரும்பாறைகளுக்கு அடியில் பிளவே ஆறு மறைந்துபோகும் தூல் கூலிக், லான்ரிவேன், சேன்-நிக்கோலா-து-பெலெம், லானிஸ்கா என்று வளைந்து, தாவுலா பள்ளத்தாக்கின் வழியே போன்-ரெப்போ மடத்துக்கு இறங்குங்கள். 1184-இல் சிஸ்டெர்சியன் துறவிகளுக்காக நிறுவப்பட்ட மடம், பாதி இடிபாடு. அங்கே கால்வாய் வருகிறது. ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை அடைத்ததால் நெப்போலியன் தொடங்கிவைத்த இந்த நீர்வழி 1842-இல்தான் முடிந்தது. 1920-களில் கெர்லெதான் அணை கட்டியபோது இரண்டாக வெட்டுண்டது. குவாரெக் வரை கரையோரம் கால் ஆற்றிக்கொண்டு, ப்ளுகெர்னெவெல் மேட்டில் ஏறி ரொஸ்த்ரெனன் திரும்பலாம். தெம்பு மிச்சம் இருப்பவர் ஏரியின் மறுகோடியில் உள்ள மூர்-து-பிரெத்தாஞ் ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம், 2025-இல் டூர் து பிரான்ஸில் போகாச்சார் வென்றது இங்கேதான். சாலை அகலமானது, நேரானது, அமைதி இல்லாதது. பெயருக்காக ஏறலாம், அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தின் வழியேதான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் ஓட்டமும் போகிறது. லூதெயாக்கும் கார்ஹேயும் அதன் சாவடிகள். சமீபத்திய ஓட்டங்களில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வந்திருக்கிறார்கள். அடுத்தது 2027-இல். அந்த நாட்களில் விவசாயிகள் வீட்டு வாசலில் மேசை போட்டு, நள்ளிரவிலும் காபியும் கிரேப்பும் கொடுப்பார்கள்.

கெம்பெர்லெயிலிருந்து எல்லே–ஸ்கோர்ஃப் ஆற்று வட்டம், 80 முதல் 90 கிலோமீட்டர். ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கும் வசதி இதற்கு உண்டு. கெரியென், லான்வெனெகென் வழியாக ல ஃபாவுவெட்டுக்குப் போங்கள். நேராகப் போகும் டி 790-ஐத் தொடாதீர்கள். ஊர் நடுவே 16-ஆம் நூற்றாண்டு மரக்கூரைச் சந்தை மண்டபம். அருகே சேன்-ஃபியாக்ர் ஆலயத்தில் 1480-இல் செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தடுப்பு. எல்லே ஆற்றுக்கு மேல் பாறையில் தொங்கும் சேன்த்-பார்ப் ஆலயம். பிரிசியாக், கெர்நாஸ்கிளெதென், போன்-கல்லெக் காடு, ப்ளூவே, ஆர்சானோ என்று திரும்புங்கள். ப்ளூவே 2000-இல் உலகச் சாலைச் சைக்கிள் போட்டி நடந்த ஊர், ஆண்டுதோறும் ஒருநாள் பந்தயமும் நடக்கிறது. அதனாலேயோ என்னவோ இங்குள்ள கார்க்காரர்கள் சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாக வருகிறார்கள். ப்ளூவேயிலிருந்து தெற்கே 20 கி.மீ. தொலைவில் உள்ள லோரியான், 1666-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தோன்றிய துறைமுகம். புதுச்சேரியில் கப்பலேறிய பருத்தித் துணிகள் இங்கே வந்து இறங்கின. எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. நாள் மிச்சம் இருந்தால் ஓட்டத்தை அங்கே முடித்து, லோரியானிலேயே ரயில் ஏறலாம்.

வந்து சேர்வதும் திரும்புவதும்

பாரிஸ் மோம்பர்னாஸிலிருந்து ரென் நகருக்கு அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரம். சைக்கிள் இடம் உள்ள வண்டிகளில் அதற்கும் முன்பதிவு வேண்டும். சக்கரங்களைக் கழற்றிப் பைக்குள் வைத்தால் சிக்கல் இல்லை. பிரதேச ரயில்கள் சைக்கிளை ஏற்றும், ஆனால் கொக்கிகள் சிலவே. கோடையில் விதி மாறக்கூடும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். லண்டன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு போர்ட்ஸ்மத்–சேன்-மாலோ, பிளைமத்–ரோஸ்கோஃப் கப்பல்கள் வசதி. இரண்டாவது உங்களை நேரே சிறு சாலைகளின் வாசலில் இறக்கிவிடும்.

செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டைக் காலம். ஞாயிறுகளில் சாலையோரம் வேட்டை நடக்கிறது என்ற பலகையும், ஆரஞ்சுச் சட்டை அணிந்தவர்களும் தென்படுவார்கள். நீங்களும் பளிச்சென்ற நிறத்தில் இருங்கள், தார்ச்சாலையை விட்டு விலகாதீர்கள். ஞாயிறு மாலைக் கிளைப்பாதை ரயில்கள் குறைவு. கல்லாக்கிலோ கார்ஹேயிலோ கடைசி வண்டியைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான். ஆகவே வழியை வரையும்போதே கடைசி நாளை மட்டும் பாதித் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.